பழைய அவுட்போர்டு எஞ்சினில் செல்ஃப் மோட்டார் சோம்பலாகச் சுற்றுகிறது: எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்க வேண்டும்?

கானாடுகாத்தான் வளவு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு 40 குதிரைத்திறன் ஜான்சன் அவுட்போர்டு (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின்) இருக்கிறது. 1970-களின் நடுவில் செய்தது, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், செல்ஃப் ஸ்டார்ட் உள்ளது. அப்பச்சி மலேசியாவில் கடை வைத்திருந்த காலத்தில் வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தது, அப்புறம் பின்கட்டில் சாக்கு போட்டு மூடியே கிடந்தது. இப்போது அதை எடுத்துச் சுத்தம் செய்து தொண்டியில் ஒரு ஃபைபர் வள்ளத்தில் மாட்டியிருக்கிறேன். எஞ்சினில் குறை ஒன்றும் தெரியவில்லை, கம்ப்ரஷன் இரண்டு சிலிண்டரிலும் சமமாக இருக்கிறது, ஃப்ளைவீலில் கயிறு சுற்றி இழுத்தால் சிரமமில்லாமல் பிடித்துக்கொள்கிறது. செல்ஃப் போட்டால்தான் சிக்கல். பெண்டிக்ஸ் (மோட்டார் ஷாஃப்டின் மரையில் ஏறி இறங்கும் பல்சக்கரம்) மேலே ஏறி ஃப்ளைவீல் பல்லில் பிடிக்கிறது, ஆனால் எஞ்சின் மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகும் வேகமே வரவில்லை. பேட்டரி புதிது. மோட்டாரை மாற்றிவிடு என்கிறார்கள். எனக்கு மாற்ற மனமில்லை, அப்பச்சி வாங்கிய எஞ்சின் அவர் வாங்கியபடியே ஓட வேண்டும் என்று ஆசை. எதை முதலில் பார்ப்பது?

தேவகோட்டை ரோடு:

அண்ணே, பேட்டரி எத்தனை ஏ.எச். (ஆம்பியர்-மணி)? பெரிய டிராக்டர் பேட்டரி ஒன்றை வைத்துப் பாருங்கள். அப்படியும் சுற்றவில்லை என்றால் சொலினாய்டின் (சாவியைத் திருகினதும் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் பெரிய சுவிட்சு) இரண்டு பெரிய போல்ட்டையும் ஒரு ஸ்பானரால் சேர்த்துத் தொட்டுப் பாருங்கள். வேகமாகச் சுற்றினால் சொலினாய்டு போச்சு, சுற்றவில்லை என்றால் மோட்டார் போச்சு. எங்கள் ஊர் டிராக்டருக்கெல்லாம் இப்படித்தான் பார்ப்போம்.

பழைய பட்டறை:

தம்பி, அந்த ஸ்பானர் வேலையைத் தயவுசெய்து படகில் செய்யச் சொல்லாதீர்கள். டிராக்டர் டீசல் வண்டி, திறந்த வெளியில் நிற்கிறது. அவுட்போர்டு பெட்ரோல் எஞ்சின், மூடிக்குள் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும், ஸ்பானர் தொட்ட இடத்தில் விழும் பொறி போதும். இன்னொன்று, கியர் போட்டிருந்தால் செல்ஃப் வேலை செய்யாதபடி ஒரு நியூட்ரல் சுவிட்சு வைத்திருப்பார்கள். ஸ்பானரால் தொட்டால் அதைத் தாண்டிவிடுகிறோம். கியரில் இருந்து எஞ்சின் பிடித்துவிட்டால் புரொப்பல்லர் அருகில் நிற்பவர் கதி என்ன? நான் காரைக்குடியில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாகவே காலம் தள்ளியவன், பொறி பட்டுக் கை வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வளவு தம்பிக்குச் சொல்கிறேன். மோட்டாரைத் தொடாதீர்கள். முதலில் புரொப்பல்லரைக் கழற்றி வையுங்கள். பெட்ரோல் டேங்கின் குழாயைக் கழற்றித் தள்ளி வையுங்கள். பிளக் வயர் இரண்டையும் கழற்றி எஞ்சின் உடம்பில் நன்றாக எர்த் செய்யுங்கள். சும்மா தொங்கவிட்டால் மின்சாரம் போக வழியில்லாமல் இக்னிஷன் காயில் கெடும், சிடிஐ என்ற எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ளதாக இருந்தால் அதன் பவர் பேக் பெட்டியே போகும். பிளக்கைக் கழற்ற வேண்டாம், எஞ்சினின் முழுச் சுமையும் இருக்கும்போதுதான் குறை வெளியே வரும். இப்போது ஒருவர் சாவியைத் திருகிப் பிடிக்க, இன்னொருவர் மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து அளக்க வேண்டும். ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள், இடையில் இரண்டு நிமிடமாவது ஆற விடுங்கள்.

அளக்க வேண்டிய இடங்கள்: பேட்டரியின் இரண்டு ஈயக் குமிழுக்கும் நடுவில் (கேபிள் நுனியில் இருக்கும் லக்கில் வைக்காதீர்கள், குமிழிலேயே வையுங்கள்), பேட்டரி பிளஸுக்கும் சொலினாய்டின் உள்வரும் போல்ட்டுக்கும் நடுவில், சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுக்கும் நடுவில், அங்கிருந்து மோட்டார் டெர்மினல் வரை, கடைசியாகப் பேட்டரி மைனஸுக்கும் மோட்டாரின் உடம்புக்கும் நடுவில். எல்லாம் செல்ஃப் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். எண்களை அப்படியே எழுதுங்கள்.

தேவகோட்டை ரோடு:

சரிங்க ஐயா, பெட்ரோல் ஆவியை நான் யோசிக்கவில்லை. ஒரு சந்தேகம். வயரில் எங்காவது அறுந்திருக்கிறதா என்று மீட்டரில் பீப் சத்தம் வைத்துப் பார்த்தால் போதாதா? எதற்குச் சுற்றிக்கொண்டே அளக்க வேண்டும்?

பழைய பட்டறை:

நல்ல கேள்வி, எல்லோரும் சறுக்கும் இடம் இது. பீப் சத்தம் ஒரே ஒரு இழை முழுசாக இருந்தால்கூட வரும். செல்ஃப் சுற்றும்போது சுமார் 100 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தால் போதும், அங்கேயே 1 வோல்ட் போய்விடும். அந்த 0.01 ஓமை நம் கையில் இருக்கும் மீட்டர் காட்டாது, அதன் இரண்டு முனையையும் சேர்த்து வைத்தாலே அதைவிட அதிகம் காட்டும். ஆகவே மின்சாரத்தை ஓடவிட்டு, எங்கே வோல்ட் தொலைகிறது என்று தேடுவதுதான் வழி. நல்ல கேபிளில் எவ்வளவு தொலையும் என்பதையும் சொல்கிறேன்: 25 சதுர மில்லிமீட்டர் செம்பு, 2 மீட்டர் நீளம், 100 ஆம்பியர் ஓடினால் 0.14 வோல்ட்தான் விழும். இதைவிட மிக அதிகமாக விழுந்தால் கேபிளிலோ அதன் நுனியிலோ கோளாறு.

கானாடுகாத்தான் வளவு:

ஐயா, சொன்னபடி தொண்டிக்குப் போய் அளந்துவிட்டேன். சும்மா இருக்கும்போது பேட்டரி 12.6. சுற்றும்போது குமிழில் 11.4. பேட்டரி பிளஸிலிருந்து சொலினாய்டு வரை 0.3 போகிறது, சொலினாய்டுக்குள் 0.9, அங்கிருந்து மோட்டார் வரை 0.2, எர்த் பக்கம் 1.1. மோட்டாருக்கு நேராக வைத்தால் 8.9 தான் வருகிறது. கூட்டிப் பார்த்தேன், கணக்கு சரியாக இருக்கிறது.

பழைய பட்டறை:

அருமையாக அளந்திருக்கிறீர்கள். பாருங்கள், 2.5 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. பேட்டரி 11.4-ல் சுகமாக நிற்கிறது, அதன் மேல் பெரிய பாரமே விழவில்லை. இந்த நிலையில் டிராக்டர் பேட்டரி வைத்தால் என்ன மாறும்? ஒன்றும் மாறாது. பெரிய திருடன் எர்த் பக்கம் இருக்கிறான், அடுத்தவன் சொலினாய்டு.

தொண்டிக்கரை:

நான் இங்கே தொண்டியில் படகு எஞ்சின் வேலை பார்ப்பவன். எர்த் கேபிளின் நுனியில் ரப்பரைக் கொஞ்சம் கிழித்துப் பாருங்கள், உள்ளே செம்பு கறுப்பாக இருந்தால் அதைச் சுரண்டிப் பயனில்லை. உப்புத் தண்ணீர் லக் வழியாக இழைகளுக்குள் ஏறி, ரப்பருக்கு அடியிலேயே உள்ளே போயிருக்கும். பளபளவென்று சிவப்புச் செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். நீளம் பற்றாது என்றால் கேபிளையே மாற்றுங்கள். கடையில் வெல்டிங் கேபிள் கேட்டால் சிலர் அலுமினியம் கொடுத்துவிடுவார்கள், வெட்டிப் பார்த்து வாங்குங்கள். கடலுக்கு ஈயம் பூசிய செம்பு கிடைத்தால் இன்னும் நல்லது.

மின்வேதிக்காரர்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் அரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எர்த் பக்கம் ஏன் எப்போதும் முதலில் கெடுகிறது என்று சொல்கிறேன். பிளஸ் பக்கம் செம்பும் செம்பும் அல்லது செம்பும் பித்தளையும் சேர்கின்றன. எர்த் பக்கம் செம்பு லக், இரும்பு போல்ட், அலுமினிய எஞ்சின் பிளாக் என்று மூன்று உலோகம். நடுவில் உப்பு ஈரம் பட்டால் அதுவே ஒரு மின்கலம், அதில் கரைந்து போவது அலுமினியம். கரைந்த இடத்தில் வெள்ளையாக மாவு போலப் படிவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த ஆக்சைடில் மின்சாரம் போகாது. போல்ட்டை மேலும் மேலும் முறுக்கினாலும் அந்தப் படலம் அப்படியே நடுவில் இருக்கும்.

செய்ய வேண்டியது: போல்ட்டைக் கழற்றி, லக் உட்காரும் இடத்தைப் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்த்து, உடனே லக்கை வைத்து இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். தேய்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்து மாட்டலாம் என்று இருக்காதீர்கள், அலுமினியத்தில் புதுப் படலம் உடனே உருவாக ஆரம்பித்துவிடும். லக்குக்கும் பிளாக்குக்கும் நடுவில் எந்த வாஷரும் வேண்டாம், வாஷர் போல்ட் தலைக்கு அடியில் மட்டும். லக்கின் கழுத்தில் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டால் தண்ணீர் இழைக்குள் ஏறாது.

கடலில்லாத காரைக்குடியில் அரிப்பைப் பற்றி என்ன தெரியும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த ஆய்வகம் அது. மண்டபத்தில் கடற்காற்றில் உலோகத் தகடுகளை வெயிலிலும் மழையிலும் வைத்து, வருடக்கணக்கில் எடை பார்த்து வந்திருக்கிறோம். தொண்டியும் அதே கடற்கரைதான். அந்தக் காற்றுக்கு இரும்பு எவ்வளவு கொடுக்கும், அலுமினியம் எவ்வளவு கொடுக்கும் என்பது எங்களுக்கு மனப்பாடம்.

கானாடுகாத்தான் வளவு:

ஐயா, இதெல்லாம் நம் ஊரிலேயே கிடைக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம். மிக்க நன்றி. சொலினாய்டுக்கு என்ன செய்வது? இங்கே டிராக்டர் சொலினாய்டுதான் எளிதாகக் கிடைக்கிறது.

பழைய பட்டறை:

பார்த்து வாங்குங்கள். உங்கள் எஞ்சினில் இருப்பதில் பெரிய போல்ட் இரண்டு, சின்ன டெர்மினல் இரண்டு இருக்கும், காயிலின் இரு முனையும் வெளியே தனியாக வரும். டிராக்டர், கார் சொலினாய்டு பலவற்றில் சின்ன டெர்மினல் ஒன்றுதான், மறுமுனை உடம்பிலேயே எர்த் ஆகியிருக்கும். அதை மாட்டினால் சுற்றும், ஆனால் எர்த் பக்கம் நியூட்ரல் சுவிட்சு போட்டிருக்கும் மாடலில் அந்தப் பாதுகாப்பு அடியோடு போய்விடும். நாலு டெர்மினல் உள்ளதாகவே வாங்குங்கள். ஜான்சனும் எவின்ரூடும் ஒரே கம்பெனியின் இரண்டு பெயர்கள்தான், இரண்டின் பாகமும் பெரும்பாலும் ஒன்று. எவின்ரூடு எஞ்சின் தயாரிப்பு 2020-ல் நின்றுவிட்டாலும் பழைய மாடல்களுக்கு உதிரி செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஜான்சன் பெயரில் கிடைக்கவில்லை என்றால் எவின்ரூடு பெயரில் தேடுங்கள்.

கானாடுகாத்தான் வளவு:

கேபிள் இரண்டும் புதிது போட்டாயிற்று, நாலு டெர்மினல் சொலினாய்டு வந்தது, பிளாக்கில் லக் உட்காரும் இடத்தைத் தேய்த்து மாட்டினேன். இப்போது சுற்றும்போது குமிழில் 10.5, மோட்டாரில் 10.0. முன்பைவிட நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சினும் பிடிக்கிறது. ஆனால் முழுத் தெம்பு இல்லை. கொஞ்சம் தொடர்ந்து சுற்றினால் வேகம் குறைந்துகொண்டே போகிறது, மோட்டார் உடம்பில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

பழைய பட்டறை:

இப்போதுதான் மோட்டாரைச் சந்தேகப்பட நேரம். சூடாகிறது, வேகம் குறைகிறது என்றால் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று தெரிய வேண்டும். கிளாம்ப் மீட்டர் வேண்டும், அதுவும் டி.சி. அளப்பது. வீட்டு வயரிங் பார்ப்பவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் ஏ.சி. மட்டும் அளக்கும், அதில் பூஜ்யம்தான் காட்டும். சோலார் பேனல் மாட்டுபவர்களிடம் டி.சி. கிளாம்ப் இருக்கும், கேட்டுப் பாருங்கள். மெதுவாகச் சுற்றிக் கொஞ்ச ஆம்பியர் இழுத்தால் உள்ளே சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பனோ, அது உரசும் செம்புக் கட்டைகளான கம்யூட்டேட்டரோ சரியாகத் தொடவில்லை. மெதுவாகச் சுற்றி நிறைய இழுத்தால் உள்ளே எங்கோ உரசுகிறது, இல்லாவிட்டால் வைண்டிங் ஷார்ட்.

கானாடுகாத்தான் வளவு:

பள்ளத்தூரில் சோலார் வேலை பார்க்கும் மச்சானிடம் கிளாம்ப் கிடைத்தது. தொடங்கும்போது 130, வேகம் குறையக் குறைய 180 வரை ஏறுகிறது.

பழைய பட்டறை:

நிறைய இழுக்கிறது. கழற்றுங்கள். கழற்றும் முன் மோட்டாரின் மேல் மூடி, உடம்பு, கீழ் மூடி மூன்றிலும் சேர்ந்தாற்போல ஒரு கோடு கீறி வையுங்கள், திரும்ப மாட்டும்போது அதே திசையில் உட்கார வேண்டும். வாஷர்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று போன்னில் படம் எடுங்கள். உள்ளே காந்தம் ஒட்டிய வகையாக இருந்தால் சுத்தியல் படக் கூடாது, உடம்பை வைஸில் இறுக்கவும் கூடாது, காந்தம் விரிசல் விட்டால் அந்த மோட்டார் முடிந்தது. ஃபீல்டு காயில் வகையானால் அந்தப் பயமில்லை.

உள்ளே சுற்றும் பகுதியான ஆர்மேச்சரின் இரும்புப் பரப்பைப் பாருங்கள். சுற்றிலும் பளபளப்பாகத் தேய்ந்து, உடம்பின் உட்பக்கத்தில் ஒரே ஒரு பக்கம் மட்டும் கீறல் விழுந்திருந்தால் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் அந்தப் பக்கம் சாய்ந்து உரசுகிறது என்று அர்த்தம். உரசச் சூடாகும், சூடாக ஆர்மேச்சர் விரியும், விரிய இன்னும் உரசும். நீங்கள் சொல்லும் அறிகுறி இதுதான்.

கானாடுகாத்தான் வளவு:

நேரில் பார்த்தது போலச் சொல்லிவிட்டீர்கள் ஐயா. ஃபீல்டு காயில் வகை. ஆர்மேச்சர் சுற்றிலும் பளபளப்பு, உட்பக்கத்தில் ஃபீல்டு காயில் சுற்றிய இரும்புத் துண்டுகளில் ஒன்று மட்டும் கீறியிருக்கிறது. கீழ் மூடியின் புஷ்ஷில் ஷாஃப்டை நுழைத்து ஆட்டினால் கண்ணுக்கே தெரிகிறது. கார்பனும் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது, ஒன்று அதன் கூட்டில் துருவில் சிக்கிக்கொண்டு ஸ்பிரிங் தள்ளினாலும் இறங்கவில்லை. கம்யூட்டேட்டர் கறுப்பாக இருக்கிறது, பள்ளமே இல்லாமல் கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் மைக்காவும் செம்பும் ஒரே மட்டம். ஒரு கடையில் காட்டினேன், ஆர்மேச்சரை ரீவைண்டிங் செய்தே ஆக வேண்டும் என்கிறார்கள்.

பழைய பட்டறை:

சோதிக்காமல் ரீவைண்டிங் வேண்டாம். ஆர்மேச்சர் சுற்றுபவர்களிடம் குரோலர் என்ற மின்காந்தச் சோதனைக் கருவி இருக்கும். அதில் வைத்து மேலே ஹாக்ஸா பிளேடைப் பிடித்து மெல்லச் சுற்றச் சொல்லுங்கள், ஷார்ட் ஆன காயில் வரும் இடத்தில் பிளேடு அதிரும். அப்புறம் கம்யூட்டேட்டரின் ஒவ்வொரு கட்டைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் சீரீஸ் லாம்ப் (வயரில் வரிசையாக இணைத்த சோதனை பல்பு) வைத்துப் பார்க்க வேண்டும், எங்கும் எரியக் கூடாது. இரண்டும் தேறினால் வைண்டிங் நல்ல வைண்டிங், அந்தக் காலத்து வார்னிஷ் இன்னும் தாங்கும்.

கம்யூட்டேட்டரை லேத்தில் ஒரு சின்னச் சீவல், கறுப்பும் மேடுபள்ளமும் போகும் அளவு மட்டும். அப்புறம் மைக்காவை அரை மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டர் வரை கீழே இறக்க வேண்டும். ஹாக்ஸா பிளேடின் பக்கவாட்டைச் சாணையில் தேய்த்து மெலிதாக்கிக்கொண்டு, ஒவ்வொரு சந்தாகக் கையாலேயே இழுக்கலாம், பொறுமைதான் வேண்டும். மைக்கா செம்பைவிட மெதுவாகத் தேயும், அதனால்தான் மட்டமாகி, கார்பனைத் தூக்கிவிட்டுப் பொறி பறக்க வைக்கிறது. கடைசியில் மெல்லிய உப்புத்தாள் போட்டு, சந்துகளைப் பிரஷ்ஷால் துடையுங்கள். எமரி தாள் வேண்டவே வேண்டாம், அதன் துகள் சந்துக்குள் தங்கினால் ஷார்ட் ஆகும்.

தேவகோட்டை ரோடு:

கார்பன் நம் ஊரில் மிக்ஸி, டிரில்லுக்கு எல்லா அளவிலும் கிடைக்கிறதே, தேய்த்துப் போட்டுக்கொள்ளலாமா?

பழைய பட்டறை:

கூடாது தம்பி. மிக்ஸி 230 வோல்ட், இழுப்பது இரண்டு மூன்று ஆம்பியர். அந்தக் கார்பனுக்குத் தடை அதிகம், அங்கே அது நல்லதுதான். செல்ஃபுக்கு 12 வோல்ட்டில் நூறு ஆம்பியருக்கு மேல் போக வேண்டும், அதற்குச் செம்புத்தூள் கலந்த கார்பன்தான் சரி. கையில் வைத்தாலே கனமாக இருக்கும், உரசினால் செம்பு நிறம் தெரியும். சொந்த மாடலுக்குக் கிடைக்காவிட்டால் கார் செல்ஃப் கார்பனில் கொஞ்சம் பெரியதாக வாங்கி, தட்டையான கட்டையில் உப்புத்தாளை ஒட்டி அதன் மேல் தேய்த்து அளவுக்குக் கொண்டுவாருங்கள். கூட்டில் தானாக வழுக்கி இறங்க வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. கார்பனின் வயர் வாலைப் பற்றவைக்கும்போது ஈயம் இழைகளுக்குள் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏறினால் வால் விறைத்துக் கார்பனை இறங்கவிடாது.

தொண்டிக்கரை:

புஷ் விஷயத்தில் ஒரு வார்த்தை. லேத்தில் கன்மெட்டல் கம்பியில் கடைந்து கொடுப்பார்கள், அவசரத்துக்கு ஓடும், ஆனால் அது எண்ணெய் குடிக்காது, சீக்கிரம் காய்ந்துவிடும். நுண்துளை உள்ள வெண்கலப் புஷ் வாங்குங்கள். ஒரு வாயைக் கட்டை விரலால் அடைத்து, உள்ளே 30-ம் நம்பர் எண்ணெய் நிறைய விட்டு, மறு கட்டை விரலால் மேலே அழுத்துங்கள். சுற்றுச்சுவரில் எண்ணெய் வியர்வை போலக் கசியும். அப்படிக் கசிந்த பிறகு மூடியில் இறக்க வேண்டும். இறக்கும்போது துளை கொஞ்சம் இறுகும், ஆகவே ஷாஃப்ட் அளவுக்குப் பளபளப்பாகக் கடைந்த கம்பியை உள்ளே வைத்து இறக்குங்கள். ரீமர் போடாதீர்கள், நுண்துளை அடைபட்டுவிடும், ஷாஃப்டையும் தேய்க்காதீர்கள்.

கானாடுகாத்தான் வளவு:

குரோலரில் ஆர்மேச்சர் சுத்தமாகத் தேறியது, சீரீஸ் லாம்ப் எங்கும் எரியவில்லை. வைண்டிங்கில் கை வைக்கவில்லை. மேலும் கீழும் புதுப் புஷ், கார்பன் கார் செல்ஃபிலிருந்து தேய்த்தது, ஸ்பிரிங்கும் மாற்றினேன். மைக்கா நானே இறக்கினேன், அப்பச்சியின் பழைய பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பட்டாலையில் உட்கார்ந்து செய்தேன், நல்ல வெளிச்சம் வரும் இடம் அதுதான். இப்போது சுற்றும்போது குமிழில் 10.9, மோட்டாரில் 10.6, ஆம்பியர் 95. சாவியைத் திருகினதும் பிடிக்கிறது. அசல் மோட்டார், அசல் வைண்டிங், அசல் பெயர்த் தகடு. எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

பெண்டிக்ஸுக்கு மட்டும் கிரீஸ் வைக்கலாமா? காய்ந்து தெரிகிறது.

தொண்டிக்கரை:

கிரீஸ் வைக்காதீர்கள். மரையில் கிரீஸ் இருந்தால் உப்பும் தூசியும் ஒட்டிக் கெட்டியாகி, பல்சக்கரம் மேலே ஏறாமல் நின்றுவிடும், இல்லை ஏறியது இறங்காது. மரையைப் பெட்ரோலில் கழுவிக் காயவிட்டு, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும். மோட்டாரை எஞ்சினில் மாட்டும் முன் அதன் போல்ட் போடும் காதுகளின் அடியிலும் வெள்ளை மாவு இல்லாமல் தேய்த்திருக்கிறீர்களா? உங்கள் எஞ்சினில் மோட்டாருக்கு எர்த் அந்தக் காது வழியாகத்தான் போகிறது.

கானாடுகாத்தான் வளவு:

தேய்த்துத்தான் மாட்டினேன் அண்ணே. காதிலிருந்து பிளாக்குக்கு அளந்தேன், 0.05-க்குள் இருக்கிறது.

பழைய பட்டறை:

போதும், அதைவிடக் குறைய வேண்டியதில்லை. இந்த எண்களையெல்லாம் ஒரு அட்டையில் எழுதிப் பேட்டரிப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை சோம்பினால் முதலில் அதே ஐந்து இடத்தை அளந்து பாருங்கள், எது மாறியிருக்கிறதோ அங்கே ஸ்பானரை வையுங்கள்.